பீத்தோவன் மறைத்த இரைச்சல்

ஒரு சின்ன கற்பனை. ஞாயிற்றுக்கிழமை காலை. நீங்களும் உங்க ரூம்மேட்டும் போடியில் பஸ் ஏறி குரங்கணியில் இறங்குறீங்க. கொட்டகுடி ஆற்றை ஒட்டி மெதுவா நடக்குறீங்க. எதிர்ச் சரிவில் ஆடு மேய்க்கும் ஒருத்தர் குழல் ஊதுறார். ரூம்மேட் நின்னு ரசிச்சுக் கேட்குறான். நீங்களும் நிக்கிறீங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணுமே கேட்கல. காதுக்குள்ள மட்டும் ஙொய்ங்னு ஓர் இரைச்சல், நிக்காம.

அந்த நேரத்துல என்ன செய்வீங்க? நம்மில் பெரும்பாலானவங்க செய்றது ஒண்ணுதான். கேட்குற மாதிரி தலையாட்டிட்டு நடையைக் கட்டுவோம்.

இதே மாதிரி ஒரு சம்பவம் உண்மையிலேயே நடந்திருக்கு. 1802 வாக்கில், வியன்னா நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துப் பக்கம். ஓர் இடையர் குழல் ஊதிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு ரசித்தவர் ஃபெர்டினான்ட் ரீஸ் என்ற மாணவர். கூட நடந்தவர் அவருடைய பியானோ ஆசிரியர். அரை மணி நேரம் நின்றும் ஆசிரியர் காதில் எதுவும் விழவில்லை. ரீஸுக்குச் சங்கடமாகிவிட்டது. தனக்கும் இப்போது ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பப் பொய் சொன்னார். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு, முகம் இருண்டு நடந்தார். அந்த ஆசிரியர்தான் லுட்விக் ஃபான் பீத்தோவன். வயது வெறும் 31.

காது கேட்காமலே சிம்பொனி எழுதிய மேதை என்று பள்ளிக்கூடத்திலேயே ஒரு வரி படிச்சிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல வருஷ பயமும், மறைப்பும், தனிமையும் இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

குடும்ப பாரம்

பீத்தோவன் பிறந்தது ஜெர்மனியின் பான் நகரத்தில். 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. தாத்தா அரண்மனை இசைக்குழுவின் தலைவர். அப்பா அதே அரண்மனையில் பாடகர், பெரும் குடிகாரர். பையனை இன்னொரு மொசார்ட்டாகக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு. 1778-இல் நடந்த முதல் கச்சேரிக்கு, 7 வயதுப் பையனை 6 வயது என்று விளம்பரம் செய்தார். மார்க் வாங்கலைன்னா வீட்டுக்கு வராதேன்னு சொல்ற அப்பாக்கள் அப்பவே இருந்திருக்காங்க, பாருங்க.

1787-இல் அம்மா காசநோயில் இறந்தார். பீத்தோவனுக்கு அப்போது 16. அப்பாவின் குடி இன்னும் முற்றியது. 18 வயதில், அப்பாவின் சம்பளத்தில் பாதியைத் தன்னிடமே கொடுக்கும்படி அரண்மனைக்கு மனுப் போட்டு, இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொண்டார். நம்ம கிளாஸ்லயும் பார்ட் டைம் வேலை பார்த்துத் தம்பி தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டுற ஆட்கள் உண்டு. அவங்களுக்கு இது புரியும்.

1792 நவம்பரில் வியன்னா போய் ஹைடனிடம் இசை படித்தார். சில வருஷத்திலேயே, உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பெயர் வந்துவிட்டது. பிரபுக்கள் வீட்டில் விருந்து, கையில் காசு, ஊரெல்லாம் பேச்சு. வாழ்க்கை செட்டில் ஆகுற மாதிரி தெரிஞ்ச நேரம் அது.

27 வயசுல தொடங்கியது

1798 வாக்கில் காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1801 ஜூன் 29 அன்று, பான் நகரத்து பால்ய நண்பரும் மருத்துவருமான வெகலருக்கு எழுதிய கடிதத்தில்தான் மனசைத் திறந்தார். இரவும் பகலும் காது இரைகிறது. நாடகக் கொட்டகையில் மேடைக்கு ஒட்டி உட்கார்ந்தால்தான் பேச்சு புரிகிறது. தள்ளிப் போனால் கருவிகளின் மேல் சுரங்கள் காதில் விழுவதில்லை. மெதுவாகப் பேசினால் சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. ஆனால் யாராவது கத்தினால் தாங்க முடியவில்லை. இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வருஷமாக விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் போவதையே அவர் தவிர்த்து வந்தார். காது மந்தம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. வேறு தொழிலாக இருந்தால் பரவாயில்லை, இசைக்கலைஞனுக்குக் காது போச்சு என்று எதிரிகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். கடிதம் வாங்கிய நண்பரிடமும் ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் திமிர் பிடித்தவர், மறதிக்காரர், யாரோடும் ஒட்டாதவர். உண்மையில் கேள்வி காதில் விழாததால் பதில் சொல்லாமல் இருந்தார்.

வைத்தியம் பல நடந்தது. காதில் பாதாம் எண்ணெய் விட்டார்கள். பச்சைத் தண்ணீர்க் குளியல், அப்புறம் டான்யூப் ஆற்றின் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், மாத்திரை, கையில் மரப்பட்டையைக் கட்டிக் கொப்புளம் வரவைக்கும் வைத்தியம். ஒன்றும் காதைத் திருப்பித் தரவில்லை. நம்ம ஊர்ல பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைக் காதுல விடுவாங்களே, அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்தான் அந்தப் பாதாம் எண்ணெய்.

அனுப்பாத கடிதம்

1802-இல் மருத்துவர் ஒருவர் கிராமத்தில் ஓய்வெடுக்கச் சொன்னார். ஹைலிகென்ஸ்டாட் கிராமத்தில் சில மாதங்கள் தங்கினார். அங்கே அக்டோபர் 6 அன்று தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பக்கத்தில் நின்றவருக்குக் குழலோசை கேட்டும் தனக்குக் கேட்காத அவமானம் அதில் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததையும் ஒளிக்காமல் எழுதினார். தனக்குள் இருக்கும் இசையை எல்லாம் வெளியே கொண்டுவராமல் போவதற்கு மனசு வரவில்லை என்பதால் நின்றுவிட்டதாகவும் எழுதினார். கடிதத்தை அனுப்பவில்லை. 25 வருஷம் கழித்து, அவர் இறந்த பிறகுதான் காகிதங்களுக்கு நடுவே அது கிடைத்தது.

அந்தக் கடிதம் எழுதிய அதே 1802-இல் எழுதி முடித்த இரண்டாம் சிம்பொனியில் சோகம் தேடினாலும் பெரிதாகக் கிடைக்காது. மனுஷன் உள்ளே அழுதுகொண்டே வெளியே துள்ளலாக எழுதியிருக்கிறார். உங்க பக்கத்து பெஞ்சில் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்குற ஆளையும் ஒரு தடவை நல்லா இருக்கியான்னு கேட்டுப் பாருங்க. உங்களுக்கே அப்படி ஒரு இருட்டு வந்தா, 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்க. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ரகசியம் உடைந்தது

1806-இல், நால்வர் குழுவுக்கான இசைக் குறிப்புகள் எழுதிய தாளின் ஓரத்தில் தனக்குத்தானே ஒன்றை எழுதிக்கொண்டார். இனிமேல் காது கேட்காததை ரகசியமாக வைக்க வேண்டாம், கலையிலும் வேண்டாம் என்பது அதன் சாரம். எட்டு வருஷம் பிடித்தது அந்த முடிவுக்கு வர.

அதனால் காது திரும்பி வந்துவிட்டதா? இல்லை. ஆனால் உதவி கேட்கத் தொடங்கினார். மெல்சல் என்ற கருவி வல்லுநர் அவருக்காகக் காதில் வைத்துக்கொள்ளும் உலோகக் குழல்கள் செய்து கொடுத்தார். மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரே. 1818-இலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் எப்போதும் கூடவே இருந்தது. பேச வந்தவர்கள் அதில் எழுதுவார்கள், அவர் வாயால் பதில் சொல்வார். ஒருவகையில் அந்தக் காலத்து வாட்ஸ்அப். அந்த நோட்டுகளில் பல இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 1814-இல் ஒரு ஒத்திகையில், சத்தமாக வாசிக்க வேண்டிய இடத்தில் தந்திகள் அதிரும்படி அடித்தார். மெதுவான இடத்தில் சுரங்களே எழும்பவில்லை, அது அவருக்குத் தெரியவும் இல்லை. அத்தோடு மேடையில் பியானோ வாசிப்பது ஏறக்குறைய நின்றுபோனது. சந்தேகம், முன்கோபம், அண்ணன் மகனுக்காக இல்லை, இறந்த தம்பியின் மகனுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டு வழக்கு என்று கூட இருந்தவர்களையும் படுத்தினார். காது போனதும் யாரும் மகான் ஆகிவிடுவதில்லை.

கேட்காமல் எப்படி எழுதினார்? அவர் மூளைக்குள் இருந்த இசைக்குக் காது தேவைப்படவில்லை. சர்க்யூட் டயகிராமைப் பார்த்ததுமே அவுட்புட் அலை எப்படி வரும்னு சொல்ற சீனியர் ஒருத்தர் எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருப்பாரே, அந்த மாதிரி. நம்ம மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும் இசையை நேராகத் தாளில் எழுதுபவர்தான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது நம்ம ஸ்டேட்டஸ் எல்லாம் நிறைஞ்சது நினைவிருக்கும்.

1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. பீத்தோவன் மேடையில் நின்று வேகத்தைக் காட்டினார். குழுவை உண்மையில் நடத்தியவர் உம்லாஃப். வாசிப்பு நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கரோலின் உங்கர் என்ற இளம் பாடகி அவரைத் தொட்டுத் திருப்பிவிட்டார். அப்போதுதான் கைதட்டலைக் கண்ணால் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் இடையர் குழலின்போது மாணவர் பொய் சொன்னார். இங்கே ஒரு பெண் உண்மையைக் காட்டினார். எது பெரிய அன்பு என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

1827 மார்ச் 26 அன்று, 56 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் காது நரம்புகள் சுருங்கியிருந்தது தெரிந்தது. 2023-இல் அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுவையே படித்துப் பார்த்தார்கள். ஈரல் நோய்க்குக் காரணங்கள் கிடைத்தன. காது போனதற்கு இன்றுவரை உறுதியான காரணம் கிடைக்கவில்லை.

நம்ம காதுக்கு வருவோம்

போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். அது காற்றழுத்த வித்தியாசம், பயப்பட ஒன்றுமில்லை. காது இரைச்சல் வேறு. உள்காதின் நத்தைக்கூட்டில் ஆயிரக்கணக்கான மெல்லிய முடிச்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. இன்புட் குறைந்ததும் மூளை கெய்னை ஏற்றுகிறது. கெய்ன் ஏறினால் நாய்ஸும் ஏறும் என்று ஈசிஇ ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாய்ஸ்தான் ஙொய்ங். எல்லா இரைச்சலுக்கும் இது காரணம் இல்லை. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், சீழ் இருந்தாலும் வரும். அதெல்லாம் சுலபமாகச் சரிசெய்யக்கூடியவை.

85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிச்சம் 15 நிமிஷம்தான். இயர்போனை ஃபுல்லாக வைத்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். கல்ச்சுரல்ஸில் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் ஆடிவிட்டு வந்த இரவு காது இரைந்தால், அது காது கொடுக்கிற எச்சரிக்கை.

இரைச்சல் நிற்காமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்க. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போடியிலிருந்து போய் வருவது ஒரு நாள் வேலை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் நாள் கடத்தாதீங்க. அன்றைக்கே போகணும், முதல் சில நாள் சிகிச்சைதான் பலன் தரும். எண்ணெய் எதையும் காதில் விடாதீங்க. பெரும்பாலான இரைச்சல் உயிருக்கு ஆபத்தில்லை. அதை முழுசா நிறுத்தும் மாத்திரை இல்லை. ஆனால் பழகிக்கொள்ள வழிகள் உண்டு: ராத்திரி முழு நிசப்தத்தில் படுக்காமல் ஃபேன் சத்தத்தையோ மெல்லிய மழைச் சத்தத்தையோ ஓடவிடுவது, ஒழுங்கான தூக்கம், தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி, மன ஆலோசனை.

கடைசியா ஒண்ணு. நம்மில் பல பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ விடியறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி மேலே ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. மருந்தடிக்கும் மோட்டாரையும் களைவெட்டும் மெஷினையும் வருஷக்கணக்கா காதுக்குப் பக்கத்துல வச்சு வேலை பார்த்தவங்க. ஃபோன்ல நாம கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம சரி சரின்னு சொல்லி வச்சிடுறாங்கன்னா, அது கவனக்குறைவு இல்லாமல் இருக்கலாம். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, காது எப்படி இருக்குன்னு கேளுங்க. ஒரு நாள் லீவு போட்டு க.விலக்கு கூட்டிட்டுப் போங்க.