கர்னல் சர் நெவில் சேம்பர்லேன்

நெவில் சேம்பர்லேன் என்றவுடன் மியூனிக் நகரில் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஆங்கில முதலமைச்சரே நம்மனோர் நினைவுக்கு வருவார். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவர் வரலாறன்று. அப்பெயரே கொண்ட, அவரினும் மூத்த, படை அதிகாரி ஒருவரின் வரலாறாகும். இன்று உலகெங்கும் ஆடப்பெறும் ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்தைக் கண்டவரும், நம் நீலமலையில் அதற்கு விதி வகுத்தவரும் இவரே.

இவர் 1856-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13-ஆம் நாள் பிறந்தார். 1873-ல் டெவன்ஷயர்ப் படையிற் சேர்ந்து இந்தியா போந்து, 1875-ல் ஜபல்பூர்ப் பாளையத்தில் இருந்தார். அது மழைக்காலம். வெளியே செல்ல இயலாத அதிகாரிகள் பில்லியர்டு மேசையைச் சூழ்ந்து பொழுது போக்கினர். 15 செம்பந்துகளை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்றும், கரும்பந்து சேர்த்துப் பணயம் வைத்து ஆடும் ஆட்டம் ஒன்றும் அக்காலத்தில் வழங்கின. அவற்றைக் கலந்து வேறு நிறப்பந்துகளையும் கூட்டினால் சுவை மிகுமே என்று எண்ணியவர் சேம்பர்லேன். அப்பொழுது அவர்க்கு வயது 19. கல்லூரி மாணவராகிய நம்மில் பலர்க்கும் உள்ள வயதே.

பெயர் வந்த வரலாறு நகைப்பிற்குரியது. ஊல்விச் படைக்கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்த மாணாக்கரை ஸ்னூக்கர் என்று எள்ளி அழைப்பர். இதனை அங்குப் பயின்ற இளைஞர் ஒருவர் வாயிலாகச் சேம்பர்லேன் கேட்டிருந்தார். ஒருநாள் எளிதாய் வீழ்த்தத்தக்க பந்தைத் தவறவிட்ட தோழரை அச்சொல்லால் அழைத்தார். பின்னர் அவர் மனம் நோவாதிருத்தற்பொருட்டு, இவ்வாட்டத்தில் யாவரும் கற்றுக்குட்டிகளே என்று தேற்றினார். அச்சொல்லே ஆட்டத்திற்குப் பெயராயிற்று.

தாம்பரத்து விடுதிகளிற் கேரம் ஆடுவோர்க்கு இவ்வாட்டம் எளிதில் விளங்கும். கேரத்தில் சிவப்புக்காயை வீழ்த்தியவர் அடுத்து வேறொரு காயையும் வீழ்த்த வேண்டும். இங்கோ செம்பந்து ஒன்றை வீழ்த்தியவர் அடுத்து நிறப்பந்து ஒன்றை வீழ்த்த முயலலாம். செம்பந்துகள் தீருமட்டும் நிறப்பந்து மீண்டும் மேசையேறும்; வீழ்ந்த செம்பந்து ஏறாது. எதிரி அடிக்கவேண்டிய பந்தை வேறொரு பந்தால் மறைத்து மடக்குவதே இதன் சூழ்ச்சி.

நிற்க. ஆப்கானியப் போரில் ராபர்ட்ஸ் என்னும் தளபதியின்கீழ்ப் பணிபுரிந்த சேம்பர்லேன், 1880-ல் காந்தகாரிற் காயமுற்றார். அடுத்த ஆண்டு ராபர்ட்ஸ் சென்னைப் படைக்குத் தலைவராகவே, இவரும் உடன் வந்தார். கோடைதோறும் உதகமண்டலம் செல்லும் வழக்கமுண்டு. 1882-ல் உதகைக் கழகத்தின் பில்லியர்டு அறையில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பெற்றன. ஜபல்பூரிற் பிறந்த குழவிக்கு எழுத்தறிவித்தது உதகையே எனலாம். 1885-ல் ஆங்கில நாட்டுப் பெரும் பில்லியர்டு வீரரான ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தபோது, கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவுடன் நிகழ்ந்த விருந்தொன்றில் சேம்பர்லேனைக் கண்டு விதிகளைக் கேட்டறிந்தார். ஆட்டம் கடல் கடந்தது.

பின்னர் இவர் காஷ்மீரத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் பணியாற்றினார். 1900 முதல் அயர்லாந்துக் காவற்படைக்குத் தலைவரானார். அங்கே கிளர்ச்சி மூளுதற்குரிய குறிகளை மேலிடத்திற்கு அறிவித்து வந்தும், 1916-ல் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அவ்வாண்டே பதவி துறந்தார்.

இதற்குள் ஆட்டம் பெரிதாய் வளர்ந்துவிட்டது. 1927-ல் தொழில்முறை ஆட்டக்காரர்க்கு முதல் உலகப் போட்டி நடந்தது. பர்மிங்ஹாமில் நடந்த இறுதியாட்டத்தில் ஜோ டேவிஸ் வென்றார். அவர்க்குக் கிடைத்தது ஆறரைப் பவுனே. 1946 வரை 15 முறை அப்பட்டம் அவர்க்கே உரியதாயிற்று. 1977 முதல் அப்போட்டி ஷெஃபீல்டு நகரில் க்ரூசிபிள் என்னும் நாடக அரங்கில் நடைபெறுகின்றது. உலோகம் உருக்கும் மூசை என்பது அப்பெயரின் பொருள். எஃகுத் தொழிலாற் புகழ்பெற்ற ஊர்க்கு ஏற்றதே. அமர்வோர் ஆயிரவரினும் சற்றுக் குறைவு.

ஆனால் ஆட்டம் வளர வளர, அதனைக் கண்டவர் யாரென்பது மறைந்தது. 1938-ல் அது ஊல்விச் கல்லூரியிற் பிறந்ததென ஒரு கூற்று எழுந்தது. அப்போது 82 வயதினராயிருந்த சேம்பர்லேன், தி ஃபீல்டு என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி உண்மையை நிலைநாட்டினார். பழைய அதிகாரிகள் சிலரும் அவர்க்குச் சான்று பகர்ந்தனர். 60 ஆண்டு வாளாவிருந்தவர் முதுமையில் உரிமை கோரியது தற்பெருமையோ எனின், அன்றென்பதே எம் துணிபு. பொய்யை மறுக்க வல்லார் வேறு பலர் அந்நாளில் எஞ்சவில்லை.

1944-ஆம் ஆண்டு மே திங்கள் 28-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில், ஆஸ்கட் என்னும் ஊரில் இவர் காலமானார். ஊதியம் கருதாது ஆடுவோர்க்கான முதல் உலக ஸ்னூக்கர்ப் போட்டி 1963-ல் கல்கத்தாவில் நடந்தது. வென்றவர் காரி ஓவன். அப்பட்டத்தை 1984-ல் இந்தியரான ஓம் அகர்வால் வென்றார். அவ்வாண்டு போட்டி நடந்த ஊர், சேம்பர்லேன் காவற்படைத் தலைவராய்ப் பணிபுரிந்த அயர்லாந்தின் டப்ளின்.