பஸ் விட்ட வக்கீல்!

குட்டீஸ், திருத்தணி மலைக்கோவிலுக்கு பஸ்சிலோ, வேனிலோ போயிருக்கிறீர்களா? வளைந்து ஏறும் அந்தப் பாதையில் அதிகம் பாடுபடுவது எது தெரியுமா? வண்டியின் பின்பக்க ஆக்சில்தான்! அது பயணிகளின் எடையைச் சுமக்க வேண்டும். சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். மோட்டார் வண்டி வந்த புதிதில் பல வண்டிகளில் ஒரே இரும்புத் தண்டு இந்த இரண்டு வேலையையும் செய்தது. பெரிய பள்ளத்தில் இறங்கினால், 'மடக்'கென்று முறிந்துவிடும். பிறகுதான் சுமையைத் தாங்க வெளியே ஓர் உறை, சுழற்ற மட்டும் உள்ளே ஒரு தண்டு என்று வேலையைப் பிரித்தனர்.

அப்படி வண்டிகள் அடிக்கடி படுத்துவிடும் காலத்தில், மாட்டு வண்டித் தடங்களில் பஸ் விடத் துணிந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ்., என்ற மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 'டி' என்பது அவரது ஊரான திருக்குறுங்குடி. திருநெல்வேலிச் சீமையிலுள்ள அந்த ஊர்க்காரர், 1877ல் பிறந்தார்.

அப்பாவின் விருப்பப்படி சட்டம் படித்து வக்கீலானார். பிறகு ரயில்வேயில் வேலை. அப்புறம் வங்கியில் வேலை. எதிலும் மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டு, 1911ல் மதுரையில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே பஸ் ஓடத் துவங்கியது.

பஸ் வாங்குவது பெரிய காரியமில்லை. தினமும் அதை ஓடவைப்பதுதான் கஷ்டம். நடுவழியில் ஆக்சிலோ, டயரோ போனால், சந்தைக்குப் போகிறவரும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் வெயிலில் நிற்க வேண்டியதுதான். மாடுகளின் லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் வேறு டயரைப் பதம் பார்த்தன. காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி, சாலையிலுள்ள ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்வார்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் ஆரம்பித்தார். டி.வி.எஸ்., பஸ் வருவதைப் பார்த்து மதுரைக்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்து கொள்வார்களாம்!

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. சுந்தரம் அய்யங்கார் அசரவில்லை. கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவால் இன்ஜினை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். கரி வாயுவில் இழுவை குறைவுதான். ஆனாலும், பஸ் நிற்கவில்லையே!

வீட்டிலும் அவர் துணிச்சல்காரர்தான். மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் அப்படிப்பட்ட பெண்களை மூலையில் உட்கார வைத்துவிடுவர். இவரோ மகளை டில்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சவுந்தரம் இவர்தான்!

சுந்தரம் அய்யங்கார் 1955ல் மறைந்தார். அவரது நிறுவனத்தின் பஸ்களை 1972ல் அரசு ஏற்று, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் தொடங்கிய ஆக்சில்ஸ் இந்தியா நிறுவனமோ, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் லாரி, பஸ்களுக்கான பின் ஆக்சில் உறைகளைத் தயாரிக்கிறது.