நம்ம கோவை ஜெயிலில் செக்கு இழுத்த வக்கீல்

வ.உ.சி. பார்க்குக்குப் போகாதவங்க நம்ம ஸ்கூல்ல இருக்கவே மாட்டாங்க. ஆனா அங்கே ஏன் அவர் பேருன்னு யோசிச்சிருக்கீங்களா? பக்கத்தில்தான் மத்திய சிறை. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் அங்கே கைதி.

கப்பல் கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் வக்கீல் கதையைச் சொல்றேன்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். அப்பாவிடம் வசதியானவர்கள் வருவார்கள், மகனிடம் ஏழைகள். சில வழக்குகளில் அப்பாவுக்கு எதிராகவே மகன் வாதாடினார்! (அன்னைக்கு ராத்திரி வீட்டில் யாராவது பேசியிருப்பாங்களா?) லஞ்சம் வாங்கிய மூன்று சப் மாஜிஸ்திரேட்டுகளின் குற்றத்தையும் நிரூபித்தார். பகை வளர்ந்தது. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இராமையா தேசிகர் என்று ஒரு தமிழறிஞர். கண் தெரியாதவர், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார் வ.உ.சி. சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவரோ மனைவி வள்ளியம்மையிடம் மட்டும் சம்மதம் கேட்டார். அந்த அம்மா சந்தோஷமாகச் சோறு போட்டார்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால்ங்க இது!

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூடவே நின்றார். கூலி உயர்ந்தது, ஞாயிறு லீவு கிடைத்தது. மார்ச் 12-ல் கைது. நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை 40 வருஷம்! அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20, சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு 20. அந்த அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அப்பீலில் தண்டனை 6 வருஷமாகக் குறைந்தது.

கோவை ஜெயிலில் முதலில் சணல் மெஷின் சுற்ற விட்டார்கள். கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்புறம்தான் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு.

1912 டிசம்பரில் கண்ணூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் கூட்டமே இல்லை. சிவா மாதிரி ஒரு சிலர்தான். வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்தார். சில வருஷம் நம்ம கோவையிலும் இருந்தார்.

கடைசியில் சன்னதைத் திருப்பிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. வெள்ளைக்கார ஆட்சியால் இவ்வளவு பட்டவர், தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். மறுபடி கோவில்பட்டியில் வக்கீல் தொழில். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.