ஹலாலைத் தேடும் நாம் அறிய வேண்டிய ஜே.சி.குமரப்பா

மேச்சேரி வட்டாரத்தில் இமாமாகப் பணிபுரியும் எங்களைப் போன்றவர்களிடம் ஜும்ஆ முடிந்ததும் மக்கள் கேட்கும் கேள்விகளில் பாதி உணவைப் பற்றியவை. இந்த பிஸ்கட் கூடுமா, அந்த ஹோட்டல் கறியைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தக் கவலை சமுதாயத்தில் இருப்பது பெரிய நிஃமத். ஆனால் இந்த அரிசி எப்படி விளைந்தது, இதைத் தீட்டும்போது எதை இழந்தோம், விளைவித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனம் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஆகுமானதாக இருந்தால் மட்டும் போதாது, தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். முதல் சொல்லைப் பிடித்துக்கொண்ட நாம் இரண்டாவதை விட்டுவிட்டோம்.

அந்த இரண்டாவது கேள்வியை வாழ்நாள் முழுதும் கேட்ட ஒரு தமிழர் இருந்தார். அவர் முஸ்லிம் அல்லர், ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட கிறிஸ்தவர். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வது நம் முன்னோர்களின் வழக்கம் என்பதால் அவருடைய வாழ்வை இங்கே பார்ப்போம்.

1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தை அரசு அதிகாரி. தாய் ஏழைகளுக்கு உதவுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக்கியவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துத் திரும்பிய செல்லதுரை, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டும் சூட்டும் ஆங்கில வாழ்க்கையுமாக இருந்தவர். பிறகு அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை பேராசிரியர் செலிக்மனின் கவனத்துக்கு வந்தது. அதையே ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொன்னார் பேராசிரியர். ஆய்வு செய்யச் செய்ய, ஆங்கில ஆட்சியின் வரியும் செலவும் நாட்டை எப்படி உறிஞ்சுகின்றன என்பது கணக்குப் புத்தகம் போல அவருக்கு விளங்கியது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதைத் தம் பெயராக்கிக் கொண்டார்.

அந்த ஆய்வை வெளியிடுவது பற்றிப் பேச 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமம் சென்றார். மரத்தடியில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார் குமரப்பா. தெரிந்ததும் தம் உயர்ந்த உடையோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். காந்தி அவரை குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். கிராமம் கிராமமாகப் போய் விவசாயக் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். அதன் பின் அவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. கதர் உடுத்தினார், திருமணம் செய்யவில்லை, பலமுறை சிறை சென்றார். சத்தியாகிரகிகள் மீது அடி விழுந்தபோது தம் சொந்தத் திருச்சபையின் தலைவர்கள் வாய் மூடி இருப்பதைக் கண்டித்து எழுதவும் அவர் தயங்கவில்லை.

அவருடைய அமானிதப் பேணுதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1934இல் பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டபோது நிவாரண நிதிக்கு அவரே கணக்குப் பொறுப்பாளர். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகைதான் அனுமதி. காந்தியும் அவருடன் வந்தவர்களும் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை அந்த நிதியில் எழுத மறுத்துவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். பைத்துல்மால் விளக்கைச் சொந்த வேலைக்கு எரிக்காத உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் குணம் அந்நியமானதல்ல.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவில் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த ஒரு தோட்டமே அதன் இடம். மகன்வாடி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கே நெல்லைக் கையால் குத்தினார்கள், செக்கில் எண்ணெய் ஆட்டினார்கள், தேனீ வளர்த்தார்கள், கழிவை எருவாக்கினார்கள், பனைவெல்லம் காய்ச்சினார்கள். இவற்றை எல்லாக் கிராமங்களுக்கும் கொண்டு செல்ல ஆட்களைப் பயிற்றுவித்தார்கள்.

உணவைப் பற்றி அவர் சொன்னவை எளிமையானவை. மில்லில் தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போய்விடுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்காக நல்ல நிலத்தில் கரும்பு போடுவதைவிட, தரிசில் தானாக வளரும் பனையிலிருந்து வெல்லம் எடுத்தால் அந்த நிலத்தில் தானியம் விளையும். ஆலைக்கு வேண்டிய பயிருக்கு முன் ஊரின் வயிற்றுக்கு வேண்டிய பயிர் நிலத்தில் இடம்பெற வேண்டும். ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதிக்குத் தானியம், பருப்பு, காய், கனி, எண்ணெய், பால், துணிக்கான பருத்தி எல்லாம் எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று அட்டவணையே போட்டார். ரசாயன உரம் மண்ணைக் கெடுக்கும் என்று அன்றே எச்சரித்தார்.

பனைவெல்லம் நம் மாவட்டத்தோடு தொடர்புடைய செய்தி. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். கள் இறக்கியவர்கள் இனி என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, பதநீரும் வெல்லமும்தான் கிராமத் தொழில் இயக்கம் வைத்த விடை. ஹராமை நிறுத்தச் சொல்பவர்கள் ஹலாலான பிழைப்புக்கு வழியும் காட்ட வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

1942 போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டாவது நூலில் மனிதர்களின் பிழைப்பை உயிரினங்களோடு ஒப்பிடுகிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் வைக்காத மாந்தோப்பில் பழத்தைப் பறித்துத் தின்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நாம் எந்த வகை என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தேனீயின் பெயரில் ஓர் அத்தியாயத்தையே பெற்ற சமுதாயம் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியாது.

அவருடைய சிந்தனையின் வேர் வாங்குபவரின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பொருள் உருவான வழியில் அநியாயம் இருந்தால், காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதில் பங்கு உண்டு என்றார். தொலைவிலிருந்து வரும் பொருளின் பின்னால் நடப்பது நமக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் விளைவதை நேரில் பார்க்கலாம், விசாரிக்கலாம், திருத்தவும் செய்யலாம். உள்ளூர்ப் பொருளை வாங்கச் சொன்னதற்கு அவர் காட்டிய காரணம் இதுதான். மறுமைக் கேள்வி கணக்கை நம்பும் நமக்கு இது எளிதில் புரிய வேண்டும்.

விடுதலைக்குப் பின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949இல் அறிக்கை தந்தார். ஆனால் நாடு பெரிய ஆலைகளின் பக்கம் திரும்பியது. ஆட்சியில் இருந்த நண்பர்களோடு அவர் ஒத்துப்போகவில்லை. உடல்நலமும் குன்றியது. மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் தேதி மறைந்தார். அவர் சொன்னதைப் பலர் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். இன்று சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க நிற்கும் வரிசையைப் பார்க்கும்போது அவர் முன்பே சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

நம் மார்க்கத்துக்கு இது புதிதும் அல்ல. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களை அடிமைத்தளையிலிருந்து மீட்க 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தர வேண்டியிருந்தது. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று தங்களால் முடிந்த கன்றுகளைக் கொண்டு வந்தார்கள். குழி வெட்ட உதவினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே நட்டார்கள். ஒரு ஜமாஅத் சேர்ந்து தோட்டம் போட்டு ஒரு மனிதருக்கு விடுதலை வாங்கித் தந்த வரலாறு நம்முடையது.

மேட்டூர் அணை பக்கத்தில் இருந்தாலும் மேச்சேரிப் பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ராகியும் சோளமும் நிலக்கடலையும் இந்த மண்ணுக்கு ஒத்தவை. மேச்சேரி ஆடு என்று ஓர் இனமே இந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பும் விவசாயியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். ஒளு செய்த தண்ணீர் சாக்கடையில் கலக்காமல் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு முருங்கைக்கும் பப்பாளிக்கும் நாலு பாத்தி கீரைக்கும் போகட்டும். நோன்புக் கஞ்சியில் வாரத்துக்கு இரண்டு நாளாவது சாமையோ கைக்குத்தல் அரிசியோ சேரட்டும். குர்பானி ஆட்டைச் சுற்றுவட்டார ஆடு வளர்ப்பவர்களிடம் நேரில் போய் நியாய விலை கொடுத்து வாங்குவோம். மக்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றட்டும். அதில் பறவையோ மனிதரோ ஆடோ எது தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம் என்பது நபிமொழி காட்டும் நற்செய்தி.

அடுத்த ஜும்ஆவில் உணவைப் பற்றிக் கேட்க வருபவர்கள், ஹலாலா என்பதோடு தய்யிபா என்றும் கேட்கட்டும். பதில் தேடி நாமும் அவர்களோடு வயல்வரை போவோம். ஆகுமானதையும் தூயதையும் உண்டு, நன்றி செலுத்தும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.