கண் மங்கியும் காசுகளை மறக்காதவர்!



கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவன் ஏர் உழும்போது கிடைத்த செப்புக்காசைக் கொண்டு வந்தான். ஆசையோடு வாங்கிப் பார்த்தேன். ஐயோ! என்னிடம் காட்டுவதற்கு முன் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டிருந்தான். உருவமும் போச்சு, எழுத்தும் போச்சு!

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரை ஆண்ட மலையமான்களின் காசுகளில் குதிரை உருவம் இருக்கும். அவன் கொண்டு வந்தது அப்படி ஒன்றாக இருந்திருக்குமோ என்று இன்றும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

செம்புக்கே இந்தக் கதி என்றால் தங்கக் காசு என்ன ஆகும்? நேரே பொற்கொல்லரின் உலைக்குப் போகும். வளையலாகவோ தோடாகவோ மாறிவிடும். அப்படிப் போகாமல் பல காசுகளைச் சேர்த்துக் காத்தவர்தான் சர் வால்டர் எலியட்.

சென்னையில் எலியட்ஸ் கடற்கரை இருக்கிறதே, அவரா என்று கேட்பீர்கள். இல்லை, அது எட்வர்டு எலியட் என்பவர் பெயரில் அமைந்தது. நம்மவர் வேறு!

வால்டர் எலியட் 1803இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். முதல் வேலை எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்துச் சேலத்தில், கலெக்டரின் உதவியாளராக. கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தில்தானே இருக்கிறது!

சீக்கிரமே அவரைக் கர்நாடகப் பகுதிக்கு மாற்றினார்கள். 1824இல் கம்பெனியை எதிர்த்துக் கித்தூர் ராணி சென்னம்மா போர் தொடுத்தார். ஆங்கிலேய அதிகாரி தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் இன்னொரு அதிகாரியும் சிறைபிடிக்கப்பட்டனர். எலியட்டுக்கு அப்போது வயது 21. பல வாரங்கள் உயிர் இருக்குமா போகுமா என்ற நிலை! பிறகு விடுதலையானார். நாட்டைக் காக்கப் போரிட்ட ராணியின் பக்கம்தான் நம் மனம் நிற்கும். ஆனால் அன்று இந்த இளைஞர் உயிர் பிழைத்ததால்தான் நமக்கு ஒரு நல்ல நூல் கிடைத்தது.

ஊர் ஊராகப் போகும் வேலை. போன இடமெல்லாம் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். பறவைகள், விலங்குகளையும் விடவில்லை. விஞ்ஞானி டார்வினுக்குப் புறாத் தோல்களை அனுப்பி வைத்தார். நம் மலைகளில் அணில் போலத் தோன்றும் 'மூங்கில் அணத்தான்' என்ற சிறு விலங்கின் அறிவியல் பெயர் 'அனத்தானா எலியட்டி'. முதல் பாதி தமிழ்ப் பெயரிலிருந்து வந்தது, பின் பாதி இவருடைய பெயர்!

காசுகளுக்கு வருவோம். ஒரு தங்கக் காசைத் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பன்றி இருந்தால் சாளுக்கியர் சின்னம். பன்றிக்கு வடமொழியில் வராகம்; 'வராகன்' என்ற காசுப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். புலி சோழருடையது, மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. ஒரே காசில் புலியோடு மீனும் வில்லும் இருந்தால்? மற்ற இருவரையும் வென்றோம் என்று சோழ மன்னர் காசிலேயே சொல்லிவிட்டார் என்று பொருள்!

எடையும் பேசும். வராகன் சுமார் மூன்றரை கிராம். பணம் என்ற பொடிக்காசு அரை கிராம் கூட இராது, தும்மினால் பறந்துவிடும்! இவருக்கு முன்பே காலின் மெக்கன்சி என்பவர் ஏராளமான காசுகளைச் சேர்த்திருந்தார். அவற்றைப் பற்றி வில்சன் என்ற அறிஞர் 1832இல் எழுதினார். ஒருவர் சேர்த்ததோடு மற்றவர் சேர்த்ததை ஒப்பிட்டால்தான் எது அரியது, எது ஏராளம் என்பது விளங்கும்.

எலியட் 1860இல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்து திரும்பினார். பிறகுதான் பெரிய சோதனை வந்தது. கண் பார்வை மெல்ல மெல்ல மங்கியது. காசில் உள்ள கடுகளவு எழுத்தைப் படிப்பவருக்குக் கண் போனால் எப்படி இருக்கும், எண்ணிப் பாருங்கள்! அவர் சோர்ந்துவிடவில்லை. மற்றவர்களின் கண்களைத் துணையாகக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 'தென்னிந்திய நாணயங்கள்' என்ற அவருடைய ஆங்கில நூல் 1886இல் காசுகளின் படங்களோடு வெளிவந்தது.

அவர் சேர்த்த காசுகள் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் மன்னர்களின் காசு அங்கே இருக்கிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு. உலையில் உருகிப் போகவில்லையே என்று ஆறுதலும் உண்டு.

1887 மார்ச் 1ஆம் நாள் காலை, 84 வயதான எலியட், தமிழறிஞர் ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே கையெழுத்திட்டார். போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றிய செய்தியை முதல் நாள் அவருக்கு யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். அந்த மகிழ்ச்சியைத்தான் கடிதத்தில் தெரிவித்தார். அன்று மாலையே அவர் உயிர் பிரிந்தது.