வெறுங்காலோடு நடக்கச் சொன்ன சுவாமியார்

ட்ரோகெறிக் கடைக்குள் போனால் குளியல் உப்பு, கால் கிறீம், எண்ணெய் என்று க்னைப் என்ற பெயர் போட்ட போத்தல்கள் வரிசையாக இருக்கும். நாங்களும் வாங்கியிருக்கிறம். ஊருக்குப் போறவையிட்டைக் குடுத்தும் விட்டிருக்கிறம். அது ஏதோ கொம்பனிப் பெயர் என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரியவந்தது, அது ஒரு ஏழை நெசவாளியின் மகனுடைய பெயர் என்று. அதுவும், கடையில் வாங்கத் தேவையில்லாத தண்ணீரையும் புல்லையும் நடையையும் கொண்டு சனத்தைச் சுகப்படுத்தப் பார்த்த ஒரு சுவாமியாருடைய பெயர்!

செபஸ்ரியான் க்னைப் 1821ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, பவேரியாவில் ஒட்டோபொய்றனுக்குக் கிட்ட உள்ள ஸ்ரெபான்ஸ்றீட் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். தகப்பன் தறி நெய்தவர். தறி இருந்தது வீட்டின் ஈரமான நிலவறையில். விளையாடித் திரிய வேண்டிய வயதிலேயே சிறுவனும் அந்தத் தறியில் குந்தவேண்டி வந்தது. அவனுக்கோ படித்துக் குருவானவராக வேண்டும் என்ற ஆசை. நெய்து நெய்து படிப்புக்கென்று கொஞ்சக் காசு சேர்த்தான். 1841இல் வீடு தீப்பற்றியபோது அந்தக் காசும் எரிந்துபோனது. வீடு எரிந்த கதை எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் இந்த இடம் வரும்போது மனம் ஒருக்கால் நின்றுதான் போகும்.

அவர் நிற்கவில்லை. கிறோனன்பாக்கில் இருந்த மெர்க்ல என்ற குருவானவர் அவருக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்தார். 1844இல் டில்லிங்கனில் பள்ளிக்கூடம் சேரும்போது அவருக்கு வயது 23. படித்துக்கொண்டிருக்கும்போதே கசம் பிடித்தது. அப்போதுதான் ஹான் என்ற வைத்தியர் 18ஆம் நூற்றாண்டில் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி எழுதிய ஒரு புத்தகம் அவர் கையில் அகப்பட்டது. 1849 கார்த்திகைக் குளிரில் டொனாவ் ஆற்றுக்குப் போய், சில வினாடி மட்டும் மூழ்கி எழும்பி, உடுப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறென்று திரும்பினார். இப்படிப் பல தடவை. ஆள் தேறிவிட்டார். தேற்றினது தண்ணீர்தான் என்று இன்றைய வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கசத்துக்கு மருந்து வேறு. ஆகையால் வீட்டில் யாரும் இருமினால் ஆற்றுக்கு அனுப்பாதேங்கோ, டொக்டரிட்டை அனுப்புங்கோ!

1852இல் குருவானவரானார். 1855இல் வோறிஸ்ஹோபன் என்ற விவசாயக் கிராமத்துக் கன்னியாஸ்திரிகள் மடத்துக்கு அனுப்பப்பட்டார். மடத்துத் தோட்டம் துரவு, மாடு, தேன்கூடு எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வருத்தக்காரர் தேடிவரத் தொடங்கினார்கள். வைத்தியம் படிக்காதவர் வைத்தியம் பார்க்கிறார் என்று முறைப்பாடுகளும் போயின. 1886இல் தன் தண்ணீர் வைத்தியத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்ட பிறகு வோறிஸ்ஹோபன் கொள்ளாத சனம் வந்தது. ஏழைகளோடு ஒஸ்திரிய இளவரசர் யோசெப்பும் வந்தார். 1894இல் றோமாபுரிக்குப் போய் பாப்பரசர் 13ஆம் லியோவுக்கும் வைத்தியம் செய்தார்.

வந்தவர்களுக்கு அவர் சொன்னது என்ன? விடியப்புறம் பனி விழுந்த புல்லில் வெறுங்காலோடு நட. ஈரக் கல்லில் நட. இறுக்கின உடுப்பையும் காலை நெரிக்கிற சப்பாத்தையும் கழற்றி, முரட்டு லினன் துணி உடு. அவர் தறியிலிருந்து வந்தவர், துணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தவிட்டோடு அரைத்த மாவில் சுட்ட பாண், பாண் சூப், மரக்கறி சாப்பிடு. கோப்பிக்குப் பதிலாக வறுத்த தானியக் கோப்பி குடி. எங்கட ஊர் மல்லிக் கோப்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வெறுங்காலும் மரக்கறியும் ஊரில் எங்களிடம் கேளாமலே இருந்தது. அதுக்கு இல்லாமை என்றுதான் பெயர். இங்கே வந்து, சமூக உதவிக் காசில் முதல் முதலாக நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிப் போட்ட நாளை நாங்கள் ஒருத்தரும் மறக்கேலாது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு சோடி இன்றைக்குப் பத்துச் சோடியாகிவிட்டது. சனிக்கிழமை வந்தால் பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு கடைகடையாய் ஏறுகிறம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஜேர்மன் கிழவனும் கிழவியும் கைகோர்த்துக் காட்டுப் பாதையில் நடக்குதுகள். நாங்கள் யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படம் பார்க்கிறம்.

க்னைப் வறுமையைக் கொண்டாடியவர் அல்லர். நிலவறையின் ஈரம் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்த நிலவறையை விட்டார். ஆனால் பாணையும் முரட்டுத் துணியையும் கால் நடையையும் விடவில்லை. வறுமைக்குள் கிடந்ததில் எது கேடு, எது நன்மை என்று பிரித்துப் பார்த்தார். நாங்கள் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி எறிந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு யோசனை.

அவரிலும் ஒரு முரண் இருக்கிறது. 1891இல் வூர்ஸ்பூர்க் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஓபர்ஹொய்சருக்குத் தன் பெயரில் மருந்துப் பொருள்கள் செய்து விற்கிற உரிமையைக் கொடுத்தவர் அவரேதான். கடையில் இருக்கும் போத்தல்களின் தொடக்கம் அது. அதே காலத்தில் வோறிஸ்ஹோபனில் வைத்திய விடுதிகளையும், 1893இல் நோயாளிப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லத்தையும் உண்டாக்கினார். 1897 ஜூன் 17ஆம் திகதி அந்த ஊரிலேயே காலமானார். 1920இல் ஊரின் பெயருக்கு முன்னால் பாட் என்ற பட்டம் சேர்ந்தது. அவருடைய முறையை 2015இல் ஜேர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிற, பிடிகம்பி வைத்த சீமெந்துத் தொட்டி கண்டிருப்பீர்கள். அது அவர் பெயரால் கட்டியது. கனபேர் பிள்ளையள் விளையாடுகிற தொட்டி என்று நினைத்துக் கடந்து போகிறவை. பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். கால் சூடாக இருக்கும்போதுதான் இறங்கவேண்டும். கொக்கு நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் காலை முழுக்கத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைக்கவேண்டும். குளிர் கடிக்கத் தொடங்கினால் ஏறிவிடவேண்டும். துவாயால் துடைக்கக்கூடாது, கையால் வழித்துவிட்டு, சொக்ஸைப் போட்டு, கால் சூடாகும் வரைக்கும் நடக்கவேண்டும். சீனி வருத்தத்தால் கால் விறைச்சவை முதலில் டொக்டரைக் கேளுங்கோ. பல ஊர்களில் சித்திரை, வைகாசியில்தான் தொட்டிக்குத் தண்ணீர் விடுவார்கள்.