ஒரு கிளாக்கில் இருந்து பல கிளாக்: நாமக்கல் வழியாக கேம்பிரிட்ஜ் போன ராமானுஜனின் எண்கள் சொல்லும் கணக்கு

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். ஒரு மணிக்கு 60 நிமிடம். நம்ம பழைய கணக்கிலும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ரவுண்டா 100 என்று ஏன் வைக்கல? பங்கு போட வசதி இல்லை, அவ்வளவுதான். 100-ஐ மீதி இல்லாமல் வகுக்கும் எண்கள் 9. அதைவிடச் சிறிய 60-க்கோ 12 இருக்கு.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்ணுக்கு மீப்பகு எண் என்று பெயர். 12, 24, 60, 360, 720, 840 எல்லாம் அந்த ரகம். இவற்றை முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். உங்க கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சின் பேட்டரி சீக்கிரம் தீராமல் இருப்பதற்குப் பின்னாலும் இதே வகைக் கணக்குதான்.

நாமக்கல்லில் எடுத்த முடிவு

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார் ராமானுஜன். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடை கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் குடும்பத்துக்கு இஷ்ட தெய்வம் நாமக்கல் மலையடிவாரத்து நாமகிரித் தாயார். குழந்தை வரம் கேட்டு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தத் தாயார் பெயர் வீட்டில் எப்போதும் இருந்தது.

கணக்கைத் தவிர மற்ற பாடங்களைத் தொடாததால் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது, பரீட்சையும் போனது. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹார்டி கூப்பிட்டதும் அவர் உடனே கிளம்பவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கடல் தாண்டினால் சாதியை விட்டு ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம், அம்மாவின் மறுப்பு இரண்டும் தடுத்தன.

1913 கடைசியில் துறைமுக அலுவலக மேலதிகாரி நாராயண ஐயரோடு நாமக்கல் வந்து, கோயிலில் மூன்று இரவு தங்கி உத்தரவு கேட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அம்மாவின் கனவில் தாயார் வந்து சம்மதம் சொன்னதாக இன்னொரு விவரம் உண்டு. எது எப்படியோ, 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறிவிட்டார்.

போர்க்காலத்தில் வந்த கட்டுரை

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் உலகப்போர். சைவச் சாப்பாட்டுக்குத் தானே சமைத்துக்கொண்டு, குளிரில் உட்கார்ந்து எழுதியதில் ஒன்றுதான் மீப்பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை. லண்டன் கணிதச் சங்கம் 1915-ல் வெளியிட்டது. அதுவும் முழுசா இல்லை. சங்கத்திடம் பணம் இல்லாததால் பின்பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. ஊரில் இரண்டு கல்லூரியில் வாங்க முடியாத பட்டம்!

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் சுமார் 6.7 லட்சம் கோடி வரை பட்டியல் போட்டார். நடுவில் 29,331 கோடியைத் தாண்டிய ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. மனிதர்தானே.

பட்டியலைவிட முக்கியம், இந்த எண்களின் அமைப்பை அவர் நிரூபித்தது. 720-ஐப் பிரித்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5 வரும். எந்த மீப்பகு எண்ணிலும் இதே ஒழுங்கு: 2-ஐவிட 3 அதிகமாக வராது, 3-ஐவிட 5 அதிகமாக வராது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது.

இதுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சிப்புக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேகத்தில் துடிப்பு தேவை. அந்தத் துடிப்புதான் கிளாக். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆஸிலேட்டர் வைத்தால் எல்லாமே மின்சாரம் குடிக்கும். அதனால் ஒரே ஒரு கிளாக்கை வைத்து, அதை எண்ணி வகுத்து மற்றதை எடுப்பார்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றில் பேட்டரியில் ஓடும் சென்சார் ஒன்றை வைப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 8, 12, 20 கிலோஹெர்ட்ஸ் என மூன்று கிளாக் வேணும். மூலக் கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 20 மட்டும் சரியாக வரும். 8-க்கு பன்னிரண்டரையால் வகுக்கணும், அது எளிய கவுன்டரால் முடியாது. 120 வைத்தால்? 15, 10, 6-ஆல் வகுத்து மூன்றையும் சுத்தமாக எடுக்கலாம். 120 ஒரு மீப்பகு எண்.

வகுபடாத எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வழி. ஒன்று, பி.எல்.எல். என்ற சுற்று. அதற்குள் இன்னொரு ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். போன் மாதிரி பெரிய பேட்டரி இருந்தால் பரவாயில்லை, பட்டன் செல்லுக்குக் கனம். இன்னொன்று, ஒப்பேற்றுவது. குவார்ட்ஸ் வாட்ச் வினாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அதில் நூறில் ஒரு வினாடி காட்டும் ஸ்டாப்வாட்ச் வேணும் என்றால் 327.68-ஆல் வகுக்கணும். 68 முறை 328 துடிப்பும், 32 முறை 327 துடிப்பும் எண்ணினால் கணக்கு சரியாகும். ஆனால் இடைவெளி ஒரே சீராக இருக்காது.

அப்புறம் ஏன் 32,768? அது 2-ஐ 15 முறை பெருக்கிய எண். 2-ஆல் வகுக்க ஒரே ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் போதும். அடுத்தடுத்து 15 வைத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு வந்துவிடும். சிப்பில் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் செலவாகும், ஆனால் ஒவ்வொரு படியும் முந்தையதின் பாதி வேகம். அதனால் 15 படிகளின் மொத்தச் செலவு முதல் படியின் இரண்டு மடங்கைத் தாண்டாது. 3-ஆல் வகுக்க இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப், 5-ஆல் வகுக்க மூன்று, கூடவே கொஞ்சம் லாஜிக். ஆக, நிறைய 2, கொஞ்சம் 3, அதைவிடக் குறைவாக 5 என்று ராமானுஜன் கண்ட அமைப்பு, சுற்று வடிவமைப்பவருக்கும் சிக்கனமானதுதான்.

ராமானுஜனுக்கு இது எதுவும் மனதில் இல்லை. முதல் குவார்ட்ஸ் கடிகாரமே அவர் இறந்து 7 வருடம் கழித்து, 1927-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வந்தது. இன்ஜினியர்களும் அவர் பட்டியலைப் பார்த்து கிரிஸ்டல் வாங்குவதில்லை. தேவையான வேகங்களின் மீச்சிறு பொது மடங்கைப் பார்க்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டில் வினாடிக்கு 18,43,200 துடிக்கும் கிரிஸ்டல் இருந்தது. விநோதமான எண் போலத் தெரியும், பிரித்தால் பதிமூன்று 2, இரண்டு 3, இரண்டு 5. வகுத்திகள் 126. அதைவிடப் பெரிய, ரவுண்டான 20 லட்சத்துக்கு 56 தான்.

அக்கரை கொடுமுடி

1917-ல் படுத்த உடம்பு தேறவே இல்லை. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோஷிப் இரண்டும் வந்தன. 1919-ல் ஊர் திரும்பினார். சென்னை வெயில் ஆகாதென்று சில மாதம் கொடுமுடியில் வைத்திருந்தார்கள். அங்கே காவிரியின் அக்கரை இன்றைய நாமக்கல் மாவட்டம். பிறகு கும்பகோணம், மறுபடி சென்னை. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. கடைசி மாதங்களிலும் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை.

மீப்பகு எண்களை ஹார்டி கணிதத்தின் பிரதான பாதையில் இருந்து ஒதுங்கிய விஷயமாகத்தான் பார்த்தார், அதில் உள்ள உழைப்பை மதித்தாலும். 1915-ல் காசில்லாமல் நின்றுபோன பின்பகுதி, பிரெஞ்சு கணிதவியலாளர்கள் நிகோலா, ரோபன் எழுதிய குறிப்புகளோடு ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் 1997-ல் வெளிவந்தது. சேலத்தில் இருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே வருடம்தான்.